போர் நடக்கும் நாட்டில் நல்ல சம்பளம்: கையெழுத்துப் போடுமுன் செய்யும் தவறுகள்

மாதம் ஒன்றரை லட்சம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். எலக்ட்ரீஷியன், சமையல்காரர், டிரைவர், நர்ஸ், ஸ்டோர் கீப்பர் என்று ஏதோ ஒரு வேலை, ஈராக்கிலோ இஸ்ரேலிலோ. ஊரில் முப்பதாயிரத்துக்கு ஓடிக்கொண்டிருப்பவரிடம் இப்படி ஒன்று வந்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: உயிருக்கு ஆபத்து உண்டா? ஏஜென்ட் இல்லை என்பார், அம்மா உண்டு என்பார். இரண்டு பேருக்குமே தெரியாது.

இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் முதல் தவறு. பதில் கண்டுபிடிக்கக்கூடிய கேள்விகள் வேறு இருக்கின்றன. அடிபட்டால் யார் பணம் கொடுப்பார்? வேண்டாம் என்று தோன்றும் அன்றைக்குக் கிளம்ப முடியுமா? பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கும்? போனவர்களில் பெரும்பாலோர் உயிரோடுதான் திரும்புகிறார்கள். கடனோடு திரும்பியவர்கள், கால் போய் நஷ்டஈடு வராதவர்கள், சம்பளப் பாக்கிக்காக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பற்றித்தான் ஊரில் யாரும் பேசுவதில்லை. புது மாடி கட்டியவர் வீடு தெருவில் தெரிகிறது, மற்றவர் கதை தெரிவதில்லை.

சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது

ஒன்றரை லட்சம் என்றதும் மனம் வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம் என்று போட்டுவிடுகிறது. போர்ப் பகுதி வேலைகளில் வருஷக் கணக்கு அபூர்வமாகத்தான் நிறைவேறும். கேம்ப் மூடப்படும், ஒப்பந்தம் இன்னொரு கம்பெனிக்குப் போகும், சண்டை கிட்ட வந்து வேலை நின்றுபோகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஜென்டுக்கு மூன்று லட்சம், மூணு வட்டிக்கு வாங்கியது. மாதம் 9,000 வட்டி. ஐந்தாம் மாதம் வேலை முடிகிறது, கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. கையில் வந்தது நாலரை லட்சம். அசலும் வட்டியும் 3,45,000. மிச்சம் 1,05,000. அதே ஐந்து மாதம் ஊரில் இருந்திருந்தால் ஒன்றரை லட்சம். ஆக, உயிரைப் பணயம் வைத்து 45,000 ரூபாய் நஷ்டம்.

சம்பளப் பாக்கி என்பது பணப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. 2014 ஜூனில் ஐ.எஸ். என்ற பயங்கரவாத அமைப்பு ஈராக்கின் திக்ரித் நகரைப் பிடித்தபோது அங்கே மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கியிருந்தார்கள். கேரளப் பெண்கள்தான் ஏறக்குறைய எல்லோரும், ஒருவர் தூத்துக்குடிக்காரர். அவர்களில் பலருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, ஊரில் படிப்புக் கடனும் ஏஜென்டுக்குக் கொடுத்த கடனும் நின்றது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தயங்கிய நாட்களில் சாலைகள் அடைபட்டன. ஜூலை தொடக்கத்தில் மோசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜூலை 5 அன்று கொச்சி வந்து சேர்ந்தார்கள். நல்லபடியாக முடிந்தது, சரி. ஆனால் கடன் வாங்கிப் போகிறவர், கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்ப மாட்டார். இந்த விஷயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு: கடன் வாங்கித்தான் போக முடியும் என்றால், அந்த வேலை உங்களுக்கானது இல்லை.

ஏஜென்ட் கேட்கும் தொகையே ஒரு நல்ல சோதனை. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அமெரிக்க அரசு ஒப்பந்தத்தின் கீழ் வரும் வேலை என்றால், அங்குள்ள கொள்முதல் விதிகளின்படி தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டையும் பிடித்து வைக்கக் கூடாது. இந்த விதி சப் காண்ட்ராக்டருக்கும் பொருந்தும். "அமெரிக்கன் கேம்ப் வேலை, மூணு லட்சம் கட்டுங்க" என்று ஒருவர் சொன்னால், அமெரிக்கன் கேம்ப் பொய்யாக இருக்க வேண்டும், அல்லது அந்த மூன்று லட்சம் சட்டவிரோதமாக இருக்க வேண்டும்.

நாட்டின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது

ஈராக் என்பது ஒரே இடம் இல்லை. பாஸ்ரா எண்ணெய் வயலும் எர்பில் ஓட்டலும் 2014-இன் மோசூலும் ஒரே வரைபடத்தில் இருந்தாலும் மூன்று உலகங்கள். வேலை செய்யும் இடத்தைவிட அங்கே போகும் சாலை மோசமாக இருப்பதும் சகஜம். விமான நிலையத்திலிருந்து கேம்புக்கு எப்படிக் கூட்டிப்போவார்கள் என்று கேட்காமலே ஏறிவிடுகிறார்கள்.

2004-இல் நேபாளத்திலிருந்து ஜோர்டானுக்கு வேலைக்கென்று புறப்பட்ட 12 இளைஞர்கள் கதை இதற்குச் சான்று. அம்மானில் ஓட்டல் வேலை என்ற மாதிரிதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்கிருந்து ஈராக்கில் இருந்த அமெரிக்க விமானத் தளத்துக்கு வண்டியில் அனுப்பினார்கள். வழியில் கடத்தப்பட்டு, ஆகஸ்ட் மாதம் 12 பேரும் கொல்லப்பட்டார்கள். போகும் நாடு ஜோர்டான் என்றுதான் வீட்டில் பலர் நம்பியிருந்தார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஊரின் பெயர், முடிந்தால் கேம்பின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். "தேவைக்கேற்பப் பணியிடம் மாற்றப்படும்" என்று ஒரு வரி இருந்தால், "தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு" என்று சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் அதுவே பதில்.

வேலை சாதுவானது என்பதும் ஏமாற்றும். 2024 மார்ச் 4 அன்று இஸ்ரேலின் வட எல்லையில் மர்கலியோட் என்ற இடத்தில் லெபனானிலிருந்து வந்த ஏவுகணை விழுந்து கொல்லத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், இன்னும் இரண்டு மலையாளிகள் காயப்பட்டார்கள். அவர்கள் வேலை செய்தது பழத்தோட்டத்தில்.

விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புவது

ரஷ்யாவுக்கு "ராணுவ உதவியாளர்" வேலை என்று போனவர்களின் கதை இதுதான். மூட்டை தூக்குவது, சமைப்பது, கிடங்கு பார்ப்பது, போர்முனைக்குப் போகவே வேண்டாம் என்று யூடியூப் வீடியோக்களில் சொன்னார்கள். மாஸ்கோவில் இறங்கியதும் ரஷ்ய மொழியில் ஒரு தாள் நீட்டப்பட்டது. படிக்கத் தெரியாமல் போட்ட கையெழுத்து ராணுவ ஒப்பந்தத்தில் விழுந்தது. அது ஒரு வருஷ ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டாலும், 2022 செப்டம்பரில் ரஷ்யா போட்ட அணிதிரட்டல் (போருக்கு ஆள் சேர்க்கும்) ஆணைக்குப் பிறகு அந்த ஒப்பந்தங்கள் தேதி முடிந்ததும் தானாக முடிவதில்லை. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. இது பற்றி வழக்குப் பதிந்து சோதனை நடத்திய ஊர்களில் டெல்லி, மும்பை, திருவனந்தபுரத்தோடு சென்னையும் மதுரையும் இருந்தன. இலங்கையில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பலரும் இதே வலையில் விழுந்தார்கள். இந்தியப் பிரதமர் மட்டத்தில் பேச்சு நடந்துதான் இந்தியர்கள் சிலர் திரும்ப முடிந்தது.

தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை இத்தனை பேர் சொல்லியும் விமான நிலையக் களைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

விசா விஷயத்தில் இன்னொரு தவறு, "நான் பத்தாவது பாஸ், எனக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவையில்லை" என்று நிம்மதியாக இருப்பது. ஈராக், லிபியா, சூடான், ஏமன், சிரியா, ஆப்கானிஸ்தான், லெபனான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு, பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும்போது முதலாளியின் விவரமும் ஒப்பந்தமும் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகிறது. பத்தாவது முடித்தவருக்கு அந்தச் சோதனை இல்லை, அதாவது அவருடைய ஒப்பந்தத்தை யாருமே பார்ப்பதில்லை. சலுகை என்று நினைப்பது உண்மையில் ஒரு பாதுகாப்பு குறைவது. நர்ஸ்களுக்கு மட்டும் 2015-இலிருந்து படிப்பு எதுவானாலும் இந்த நாடுகளுக்கு அனுமதி கட்டாயம். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களை அனுப்புகிறது. சம்பளம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் அந்த வழியை முதலில் பாருங்கள்.

சில நேரம் அரசே ஒரு நாட்டுக்குப் போகத் தடை போடும். 2004-இல் ஈராக்குக்கு, 2016-இல் லிபியாவுக்கு, 2017-இல் ஏமனுக்குப் போட்டார்கள். துபாய் வழியாகவோ ஜோர்டான் வழியாகவோ சுற்றிப் போகலாம் என்று ஏஜென்ட் சொல்வது உண்மைதான், போகலாம். மாட்டிக்கொண்டால் உதவிக்கு யாரை அழைப்பது என்பதுதான் பிரச்சினை. ஏமனில் 2015-இல் சண்டை முற்றியபோது இந்தியத் தூதரகமே கிளம்பி அண்டை நாட்டிலிருந்து இயங்க வேண்டியதாயிற்று.

காப்பீடு இருக்கிறது என்று சொன்னால் தலையாட்டுவது

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். நான் இங்கேதான் நிற்பேன்.

நீங்கள் ஊரில் எடுத்து வைத்திருக்கும் தனிநபர் விபத்து பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் என்று ஒரு வரி இருக்கும். அதனால் வரும் காயத்துக்கோ சாவுக்கோ பணம் கிடையாது. ஆயுள் காப்பீடு எடுத்திருந்தால், போகும் இடத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லிப் பதிலும் எழுத்தில் வாங்குங்கள். "குழுக் காப்பீடு உண்டு" என்று முதலாளி சொன்னால் பாலிசி எண், கம்பெனியின் பெயர், போர் விலக்கு உண்டா இல்லையா என்ற மூன்றும் வேண்டும். அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். 2 வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், 10 லட்சம் காப்பீடு. அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

அமெரிக்க ராணுவத் தளத்திலோ, அமெரிக்க அரசு ஒப்பந்தத்திலோ வேலை என்றால் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற 1941-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் தம் தொழிலாளிகளுக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. தொழிலாளி எந்த நாட்டுக்காரர் என்பது பொருட்டில்லை, பாத்திரம் கழுவுபவருக்கும் உண்டு. வேலை செய்ய முடியாமல் போனால் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இறந்தால் மனைவிக்குப் பாதிச் சம்பளம், குழந்தைகள் இருந்தால் கூடுதல். மேலே சொன்ன நேபாள இளைஞர்களின் குடும்பங்கள் 2008-இல் இந்தச் சட்டத்தின் கீழ்தான் உரிமையை நிலைநாட்டின.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். காயத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பொதுவாக ஒரு வருஷத்துக்குள் உரிமை கோர வேண்டும். சப் காண்ட்ராக்டர் பையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து ஊருக்கு அனுப்பிவிட்டால், காலக்கெடு ஊரிலேயே கரைந்துவிடும். கேம்ப் சுவரில் காப்பீட்டுக் கம்பெனியின் பெயர் போட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தால் போன முதல் நாளே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதுபோல இஸ்ரேலிலும், சட்டப்படி நுழைந்த வெளிநாட்டுத் தொழிலாளி தாக்குதலில் பாதிக்கப்பட்டால் அவர்களின் தேசியக் காப்பீட்டில் உரிமை உண்டு. "சட்டப்படி நுழைந்த" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள்.

கிளம்பும் வழி

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் சண்டை தொடங்கியது. கார்ட்டூம் விமான நிலையம் முதல் நாளே போர்க்களம். அங்கிருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பஸ்ஸில் போர்ட் சூடான் துறைமுகம் வரை போய்த்தான் கப்பலும் விமானமும் ஏற முடிந்தது. ஆபரேஷன் காவேரியில் 3,800-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். முதலில் மூடுவது விமான நிலையம்தான் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நிலைமை மோசமானால் ஃபிளைட் பிடிச்சு வந்துடுவேன்" என்பது திட்டம் ஆகாது.

எனவே கிளம்பும் எல்லையைப் போகுமுன்பே தீர்மானித்து மனைவியிடமோ அண்ணனிடமோ சொல்லிவிட வேண்டும். இரண்டாவது தடவை சம்பளம் தவறினால், சம்மதமில்லாமல் இடம் மாற்றினால், தூதரகம் வெளியேறச் சொன்னால் என்று மூன்றைச் சொல்லலாம். அங்கே போன பிறகு முடிவெடுத்தால் பாக்கிப் பணமும் கூட வேலை செய்பவர்களும் சேர்ந்து இழுப்பார்கள். டிக்கெட்டுக்கும் வழிச்செலவுக்கும் உள்ள டாலர் உங்கள் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை "பாதுகாப்புக்காக" வாங்கி வைப்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொரு தவறு, வீட்டில் பொய் சொல்வது. அம்மா பயப்படுவார் என்று "துபாய்ல இருக்கேன்" என்று சொல்பவர்கள் நிறைய. 2014-இல் மோசூலில் 39 இந்தியத் தொழிலாளிகள் கடத்தப்பட்டார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் அரசு அறிவித்தது 2018 மார்ச்சில். உறவினர்களின் மரபணு மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் உடல்களை அடையாளம் கண்டார்கள். ஏறக்குறைய நான்கு வருஷம் அந்த மனைவிகள் விதவையும் இல்லை, கணவன் உள்ளவரும் இல்லை. மரணச் சான்றிதழ் இல்லாமல் காப்பீடு அசையாது, வங்கிக் கணக்கும் அசையாது. காணாமல் போனவரை இறந்ததாகக் கருத நம் சாட்சியச் சட்டம் ஏழு வருஷம் கேட்கிறது. ஒப்பந்தத்தின் நகல், மேல் ஒப்பந்தக்காரரின் பெயர், கேம்பின் பெயர், கூட வேலை செய்யும் இருவரின் எண் ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.

வரி பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் அங்கே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி வராது. ஆனால் ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முறிந்து திரும்பிவிட்டால் கணக்கு மாறும், "வரியில்லாச் சம்பளம்" வரியுள்ளதாகிவிடும். போர்ச் சம்பளத்தை நம்பி இருபது வருஷ வீட்டுக்கடன் எடுப்பதும் இதே வகைதான். தவணை கட்டுவதற்காகவே மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் போகலாம். கடனில்லாதவர், இடம் எழுதிய ஒப்பந்தம், பெயர் தெரிந்த காப்பீட்டுக் கம்பெனி, முதலாளி செலவில் திரும்பும் டிக்கெட், கையில் பாஸ்போர்ட் என்றால் நானே தடுக்க மாட்டேன். இதில் இரண்டு இல்லையென்றாலும் ஒன்றரை லட்சம் போதாது, மூன்று லட்சமும் போதாது. ஏஜென்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். சந்தேகம் இருந்தால் அரசின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் 1800 11 3090 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். முன்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.