உறைபனி இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கு? நீங்களே மாற்றும் முறை

மட்டக்களப்பில் மார்கழி, தை மாத அடைமழையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால்தான் ‘உறையாமல் காக்கும்’ என்று எழுதியிருக்கிற கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வாங்குவது வீண் செலவு என்று நினைத்து, ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஜப்பானிலிருந்து நல்ல கூலண்டோடு வந்து இறங்கிய கார்கூடக் கொஞ்ச வருடத்தில் செம்மண் நிறத் தண்ணீரோடு ஓடும்.

என்னைக் கேட்டால், அந்தப் போத்தல் குளிர் நாட்டுக்காரரை விட நமக்குக் குறைவாகத் தேவைப்படுவதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல், கூடவே துருத்தடுப்பு மருந்துகள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அந்தக் கலவை உறைவது கிட்டத்தட்ட மைனஸ் 37 பாகையில். கொதிப்பதும் 100இல் அல்ல, 106 அளவில். ரேடியேற்றர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 125ஐயும் தாண்டும். செங்கலடியில் ஏறி மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்களுக்கு மலையேறும் அந்தப் பதினெட்டு வளைவு தெரியும். ஏசி ஓட, ஆள் நிறைய, முதலாம் இரண்டாம் கியரில் ஏறும்போது இந்த இருபது இருபத்தைந்து பாகைதான் கைகொடுக்கும்.

கிணற்றுத் தண்ணீர் கதை வேறு. கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற மணல் நிலத்தில் கோடையில் கிணறுகள் உவர்க்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கும். உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். அப்புறம் ‘ரேடியேற்றர் ஒழுகுது’ என்று கராஜில் நிற்க வேண்டியதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது

உங்கள் வாகனத்தில் ரேடியேற்றர் இருக்கிறதா? நம் வீதியில் ஓடும் ஓட்டோ, ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவை காற்றில் குளிர்பவை. அவற்றுக்கு இந்த வேலை இல்லை. ஹைபிரிட் கார் என்றால் பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்குத் தனியாக ஒரு கூலண்ட் தொட்டி இருக்கும். அதில் மட்டம் பார்ப்பதோடு நிறுத்துங்கள். மாற்றும் வேலையை ஹைபிரிட் தெரிந்த கராஜுக்கு விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பொனட்டைத் திறந்து, பிளாஸ்ரிக் தொட்டியில் இருக்கும் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே மட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். நிறத்தையும் கவனியுங்கள். பழுப்பாக, கலங்கலாக இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மேலே எண்ணெய்ப் படலமோ, பால்தேநீர் போன்ற நுரையோ தெரிந்தால் மாற்றிப் பயனில்லை. ஹெட் கஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் போங்கள்.

கலவை எத்தனை பாகைவரை தாங்கும் என்று அளக்கச் சின்ன ஹைட்ரோமீற்றர் ஒன்று உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். றப்பர் பந்தை அமுக்கி விட்டால் திரவம் உள்ளே ஏறும், உள்ளிருக்கும் முள்ளோ மணியோ பாகையைக் காட்டும். நமக்கு மைனஸ் 18 காட்டினாலே போதும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் என்று அர்த்தம். கூலண்டின் பங்கு அதைவிடக் குறைந்தால் துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப் போயிருக்கும்.

என்ன வாங்குவது?

கடையில் இரண்டு வகை இருக்கும்: அப்படியே ஊற்றுவது, தண்ணீர் கலந்து ஊற்றுவது. லேபலைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நிறத்தை நம்பவே வேண்டாம். பச்சை, சிவப்பு, ரோஸ் எல்லாம் கம்பனிக்குக் கம்பனி மாறும் சாயம்தான். வாகனக் கையேட்டில் சொன்ன ரகத்தை வாங்குங்கள், இரண்டு ரகங்களைக் கலக்காதீர்கள். சில ரகங்கள் சேர்ந்தால் குழகுழவென்று கட்டிபடும்.

கலப்பதற்கு, பெற்றோல் செட்டிலும் கடைகளிலும் பற்றரிக்கு ஊற்றவென்று விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரே போதும். பற்றரி அசிட்டும் அதே மாதிரிக் கானில்தான் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வடித்தெடுப்பது

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியில் கை வைக்கக்கூடாது. அழுத்தம் விட்டதும் கொதிநீர் முகத்துக்கு அடிக்கும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்லுகிறவர்களையும் கேட்காதீர்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், கைச்சூட்டுக்கு மேல் இருந்தால் இன்னும் பொறுங்கள்.

ஆறியபின், ஹீற்றர் உள்ள வாகனமானால் சாவியை ஓன் நிலையில் வைத்து ஹீற்றரை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ரேடியேற்றருக்கு அடியில் ஒரு பேசினை வைத்து, கீழ் மூலையில் இருக்கும் வடிகுமிழைத் திறவுங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்ரிக். பழைய வாகனங்களில் முறுக்கினால் கையோடு வந்துவிடும். இறுகியிருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கீழ் ஹோஸின் கிளிப்பைக் கழற்றி வடியுங்கள். மேல் மூடியைத் திறந்தால்தான் ஓட்டம் வேகமாகும்.

வடித்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கிளைக்கோல் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பழுதாகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்துத்தான். மணல் நிலத்தில் ஊற்றினால் கிணற்றுக்கு இறங்கும், வாவிக்கோ கானுக்கோ விடுவதும் பாவம். மூடியுள்ள போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கிற கராஜில் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.

கழுவுவது

வடிகுமிழை மூடி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை விசிறி சுழலும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். இதற்குக் குழாய்த்தண்ணீர் போதும், கடைசித் தடவைக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர். முதலில் வருகிற கழுவுநீரிலும் கிளைக்கோல் இருக்கும், அதையும் சேர்த்து அடையுங்கள்.

நிரப்புவது

எவ்வளவு வடித்தாலும் எஞ்சின் புளொக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். வெளியே பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் உள்ளே போய் அது நீர்த்துவிடும். ஆகவே கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். 5 லீற்றர் என்றால், முதலில் இரண்டரை லீற்றர் செறிவான கூலண்டை அப்படியே ஊற்றி, மறுகா மிச்சத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை விடுங்கள். கணக்கு தானாகச் சரிவரும்.

மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை இயக்கி, ஹீற்றரை முழுச் சூட்டில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசையுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றதும் மூடிவிட்டு, விசிறி சுழன்று நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஹீற்றரில் குளிர்காற்று வந்தாலோ, வெப்பமுள் ஏறி இறங்கி ஆடினாலோ உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அடுத்த நாள் காலையில் ஆறிய எஞ்சினில் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

மூடியின் உட்புற றப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றிவிடுங்கள். அதில் எழுதியிருக்கும் அழுத்த எண் உங்கள் வாகனத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், பெரிய எண் நல்லது என்று மாற்றிப் போடாதீர்கள்.

நுவரெலியாவும் கனடாவும்

தை மாதம் நுவரெலியாவில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிருக்கு எஞ்சின் வெடிக்காது, பயப்பட வேண்டாம். கண்ணாடியில் பனி பிடித்திருந்தால் சுடுதண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரியும்.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் விஷயம் வேறு. தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். அந்த இடத்துக்கு இரும்பும் அலுமினியமும் விட்டுக்கொடுக்காது. ரேடியேற்றர் பிளக்கும், புளொக்கும் விரியும். ரொறன்ரோக் குளிருக்குப் பாதிக்குப் பாதி தாராளம். வின்னிபெக் போன்ற இடங்களில் 60 வீதம்வரை போகலாம், அது மைனஸ் 50 வரை தாங்கும். கூட ஊற்றினால் இன்னும் நல்லது என்று தண்ணீரே கலக்காமல் விட்டால் கதை தலைகீழ்: தனிக் கிளைக்கோல் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும்.

கோடையில் தண்ணீர் மட்டும் ஊற்றிச் சமாளித்தவர்கள் ஐப்பசிக்கு முன்பே ஹைட்ரோமீற்றரை வைத்துப் பார்க்கட்டும். ஒருவேளை உறைந்துவிட்டால் எஞ்சினை இயக்கவே கூடாது, தண்ணீர்ப் பம்ப் உடையும், பெல்ட் அறும். வண்டியைச் சூடான கராஜுக்குக் கட்டி இழுத்துப்போய், முழுதாக உருகிய பிறகு அடியில் மட்டை விரித்து ஒழுக்குப் பாருங்கள். ஒழுக்கு இல்லையென்றால் மட்டும் சாவியைத் திருப்பலாம்.