ரயில் ஓட்டுநர் அறையில் புதிய கருவியைப் புகுத்துவது எப்படி?

ஓட்டுநர் அறையில் புதிய திரையையோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையோ பொருத்தத் திட்டமிடுவோர், கருவியின் விவரப் பட்டியலைப் படிப்பதற்கு முன், ஓட்டுநர் இப்போது எப்படி வேலை செய்கிறார் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு விதிப்புத்தகம் மட்டும் போதாது. பகலிலும் இரவிலும் மழையிலும் ஓட்டுநருடன் பயணித்து, எந்தப் பாலத்தைக் கண்டதும் பிரேக்கில் கை வைக்கிறார், எந்த ஓசையைக் கொண்டு சக்கரம் வழுக்குவதை உணர்கிறார் என்று கேட்டறிய வேண்டும். புதிய கருவி வேலையைக் குறைக்கும் என்று விற்பனையாளர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். குறைந்த வேலையின் இடத்தில் வேறு என்ன வேலை வந்து சேர்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து, பார்வை எங்கே செல்லும் என்பதை முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவின் ஈடிசிஎஸ் என்னும் ரயில் கட்டுப்பாட்டு அமைப்பின் இரண்டாம் நிலையில், எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் செல்லலாம் என்ற அனுமதி வானொலி அலை வழியாக வந்து திரையில் தெரிவதால், பாதையோரச் சிக்னல்கள் இல்லாமலும் ரயிலை ஓட்ட முடிகிறது. அதனாலேயே ஓட்டுநரின் கண் பாதையை விட்டுத் திரைக்குள் இறங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் தண்டவாளப் பணியாளர்களும் கடவுப்பாதையில் சிக்கிய வாகனமும் அந்தத் திரையில் தெரியப் போவதில்லை. எனவே கருவியை வாங்கும் முன் மரத்தாலோ அட்டையாலோ மாதிரி அறை அமைத்து, உயரமானவரையும் குள்ளமானவரையும் உட்கார வைத்து, எதிர்வெயிலிலும் இருட்டிலும் சோதித்துப் பாருங்கள்.

மிகுதியான கவனம் தேவைப்படுவது எச்சரிக்கை ஒலிகளில்தான். சிக்னலை நெருங்கும்போது ஓட்டுநரை எச்சரிக்கும் பிரிட்டனின் ஏடபிள்யூஎஸ் கருவி பச்சைச் சிக்னலுக்கு மணியோசை தரும். இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே ஹாரன் ஒலியைத் தரும். ஓட்டுநர் உரிய நேரத்தில் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும். நெரிசலான தடத்தில் மஞ்சள் சிக்னல்களையே தொடர்ந்து கடக்கும்போது, மனம் கவனிக்கும் முன்பே கை பொத்தானை அழுத்திப் பழகிவிடும் ஆபத்து இதில் உண்டு. இதைச் சோம்பல் என்று கருதித் தண்டிப்பதில் பயனில்லை; கருவியே பழக்கிய பழக்கம் இது. ஆகவே அறையில் ஏற்கெனவே உள்ள எல்லா ஒலிகளையும் புதிய ஒலிகளோடு சேர்த்துப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஓட்டுநரிடம் என்ன செயலை எதிர்பார்க்கிறது என்று எழுதுங்கள். செயல் எதுவும் தேவைப்படாத ஒலியை நீக்கிவிடுங்கள்.

கருவி செயலிழக்கும் நிலையையும் முன்கூட்டியே விதியாக்க வேண்டும். 1997 செப்டம்பர் 19 அன்று லண்டன் அருகே சவுத்ஆலில் 7 பேர் உயிரிழந்த விபத்தில், அதிவேக ரயிலின் ஏடபிள்யூஎஸ் துண்டிக்கப்பட்டிருந்தது. அதில் பொருத்தப்பட்டிருந்த ஏடிபி என்னும் தானியங்கிப் பாதுகாப்புக் கருவியும் இயக்கப்படவில்லை. கருவி பழுதானால் ரயில் புறப்படலாமா, எந்த வேகத்தில், யாருடைய அனுமதியுடன் என்பவை நடைமேடையில் நின்று விவாதிக்கும் கேள்விகளாக இருக்கக் கூடாது. இதைவிடக் கடினமானது, கருவி சரியாக இயங்குவது போலவே தோன்றிக்கொண்டு தவறுவது. 2017 அக்டோபர் 20 அன்று வேல்ஸின் கேம்பிரியன் தடத்தில் தற்காலிக வேகக் கட்டுப்பாட்டுத் தரவு ரயிலுக்குச் சென்று சேராததால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய இடத்தை ஒரு ரயில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. திரை காட்டாததை ஓட்டுநர் எப்படி அறிவார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை கருவியை நடைமுறைக்குக் கொண்டுவராதீர்கள்.

பயிற்சி, கருவி இயங்கத் தொடங்கும் நாளுக்கு நெருக்கமாக அமையட்டும். பல மாதங்கள் முன்னரே நடத்தினால் பாதி மறந்துபோகும். சிமுலேட்டரில் பழுதுகளுக்கும், பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாறும் எல்லைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். கருவி பதிவு செய்யும் தரவு ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுமா என்பதை ஓட்டுநர்களின் பிரதிநிதிகளுடன் முதலிலேயே பேசி எழுத்தில் முடிவு செய்யுங்கள், இல்லையேல் குறைகளை எவரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். பின்னர் வரும் மென்பொருள் புதுப்பிப்பு ஒலியையோ திரையின் அமைப்பையோ மாற்றுமானால், அதையும் புதிய கருவியாகவே கருதி இந்தச் சோதனைகளை மறுபடியும் நடத்த வேண்டும்.