ஸ்டூடியோ லைட்டிங் போர்ட்ரெய்ட்: ப்ராம்ப்டில் எங்கே சறுக்குகிறோம்?

ஏஐயிடம் ஒரு முகம் கேட்கிறோம். வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மெழுகுப் பொம்மை. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே பளபளப்பு. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. உடனே கை தானாகப் போய் ப்ராம்ப்டின் (படம் எப்படி வேண்டும் என்று ஏஐக்கு நாம் எழுதும் விவரிப்பு) வாலில் நாலு வார்த்தையை ஒட்டுகிறது: ‘அல்ட்ரா ரியலிஸ்டிக், 8கே, மாஸ்டர்பீஸ், ஹைப்பர் டீடெயில்ட்’. அடுத்த படம் இன்னும் கொஞ்சம் மெழுகாக வருகிறது. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வார்த்தைகள் ஏன் எதிர்வேலை செய்கின்றன? படம் வரையும் ஏஐ மாடல்கள் படங்களையும் அவற்றோடு இருந்த விவரிப்புகளையும் சேர்த்துப் பார்த்துக் கற்றவை. கேமராவில் எடுத்த படத்துக்குக் கீழே யாராவது ‘ஃபோட்டோரியலிஸ்டிக்’ என்று எழுதுவார்களா? அது பென்சில் ஓவியத்துக்கும் 3டி வேலைக்கும் கொடுக்கிற பாராட்டு. ‘அன்ரியல் என்ஜின்’, ‘ஆக்டேன் ரெண்டர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. முன்னது கேம் செய்கிற மென்பொருள், பின்னது 3டி காட்சிகளை ரெண்டர் செய்வது, அதாவது படமாக மாற்றித் தருவது. அவற்றின் பெயரைச் சொல்லிவிட்டு, கேம் கதாபாத்திரம் மாதிரி முகம் வந்தால் மாடலைத் திட்டி என்ன பயன்? ‘ஸ்டூடியோவில் எடுத்த போர்ட்ரெய்ட் புகைப்படம்’ என்று சாதாரணமாக எழுதினாலே போதும். தவிர, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ மாடலின் ஆரம்பப் பதிப்புகள் ஒரு மூச்சில் படிப்பது 75 டோக்கன்தான் (டோக்கன் என்பது ஒரு வார்த்தை அல்லது வார்த்தைத் துண்டு). அதில் பாதியைப் புகழ்ச்சிக்கே செலவழித்தால் வெளிச்சத்தைச் சொல்ல இடம் ஏது?

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ‘ஸ்டூடியோ லைட்டிங்’ என்று மட்டும் எழுதுவது, சமையல்காரரிடம் ‘சாப்பாடு’ என்று மட்டும் சொல்வது மாதிரி. ஸ்டூடியோவில் இருப்பவர்கள் லைட்டிங்குக்குப் பெயர் வைத்திருப்பதே நிழலைப் பார்த்துத்தான். விளக்கு கேமராவுக்கு நேர் மேலே நின்றால் மூக்குக்கு அடியில் சின்னப் பட்டாம்பூச்சி போல நிழல் விழும், அது பட்டர்ஃப்ளை. விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் மூக்கு நிழல் சாய்ந்து ஒரு வளையமாகும், அது லூப். இன்னும் நகர்த்தி, சுமார் 45 டிகிரி பக்கத்தில், கண்ணுக்கு மேலான உயரத்தில் வைத்தால் மூக்கு நிழலும் கன்னத்து நிழலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இருண்ட கன்னத்தில் ஒரு முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். இதுதான் ரெம்ப்ராண்ட். 90 டிகிரிக்குப் போனால் பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு, ஸ்ப்ளிட்.

பெயர் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ‘ரெம்ப்ராண்ட் லைட்டிங்’ என்று எழுதினால் சில மாடல்கள் 17-ஆம் நூற்றாண்டு ஓவியரையே கூட்டி வந்துவிடும். பழுப்புப் பின்னணி, எண்ணெய் வண்ணச் சாயல், சில நேரம் தலையில் ஒரு தொப்பி கூட! அதனால் நான் பெயரை நம்புவதில்லை. விளக்கு எங்கே நிற்கிறது, நிழல் எங்கே விழுகிறது என்பதையே எழுதிவிடுகிறேன். இப்படி:

‘ஐம்பது வயதுப் பெண்ணின் ஸ்டூடியோ போர்ட்ரெய்ட் புகைப்படம், மார்பளவு. படத்தின் இடப்பக்கம், கண் மட்டத்துக்கு மேலே ஒரே ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ். படத்தின் வலப்பக்கக் கன்னம் நிழலில், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம். அடர் சாம்பல் நிறப் பின்னணி.’

சாஃப்ட்பாக்ஸ் என்பது வெளிச்சத்தை மென்மையாக்க விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி. ஆங்கிலத்தில் எழுதுவதானாலும் சரக்கு இதேதான். ‘இடப்பக்கம்’ என்று மொட்டையாக விடாமல் ‘படத்தின் இடப்பக்கம்’ என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அவருடைய இடதா, நம்முடைய இடதா என்று மனிதர்களே குழம்புவார்கள்.

அடுத்தது, ‘சாஃப்ட்’ என்றால் மங்கலான நிழல், ‘ட்ரமாட்டிக்’ என்றால் கூர்மையான நிழல் என்று எடுத்துக்கொள்வது. நிழலின் ஓரமும் நிழலின் கருமையும் வேறு வேறு விஷயங்கள். நிழலின் ஓரம் மென்மையாக இருப்பதும் கத்தி மாதிரி இருப்பதும், முகத்தோடு ஒப்பிட்டால் விளக்கு எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. நிழல் எவ்வளவு கருப்பு என்பது எதிர்ப்பக்கம் ஃபில் லைட்டோ (நிழலை நிரப்பும் இரண்டாவது விளக்கு) ரெஃப்ளெக்டரோ (வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பலகை) இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. முகத்துக்கு மிக அருகில் பெரிய சாஃப்ட்பாக்ஸ், ஃபில் எதுவுமில்லை என்று எழுதிப் பாருங்கள்: ஓரம் பஞ்சு மாதிரி இருக்கும், நிழலின் ஆழம் கும்மிருட்டு. பழைய ஸ்டூடியோ படங்களின் கம்பீரம் சில நேரம் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. ‘சினிமாட்டிக் மூட் லைட்டிங்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் இதையெல்லாம் அடைக்க முடியாது.

ஒரே ப்ராம்ப்டில் பட்டர்ஃப்ளை, ஸ்ப்ளிட், ரிம் லைட் (பின்னாலிருந்து ஓரத்தில் விழும் வெளிச்சம்), கூடவே கோல்டன் ஹவர் (சூரியன் மறையும் நேரத்துப் பொன் வெயில்) என்று அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு சூரியன் இருந்தால் நிழல் எந்தப் பக்கம் விழும்?

லென்ஸ் விஷயத்தில் ‘85எம்எம், எஃப்/1.4’ என்பது மந்திரம் மாதிரி எங்கும் ஒட்டப்படுகிறது. முதல் எண் லென்ஸின் குவியத் தூரம், இரண்டாவது அதன் திறப்பு: எண் சிறிதானால் திறப்பு பெரிது, ஃபோகஸில் இருக்கும் ஆழம் குறைவு. எஃப்/1.4-இல் கிட்டத்தில் முகத்தை எடுத்தால் கண் ஃபோகஸில் இருக்கும்போதே காது மங்கிவிடும். அதே வரியில் ‘எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும்’ என்றும் எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஃப்ளாஷ் வைத்த ஸ்டூடியோவில் எஃப்/8 சர்வசாதாரணம். மாடல் இந்த எண்களைக் கணக்கிட்டுப் படம் போடுவதில்லை. ஒரு சாயலைத்தான் பிடித்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் சரியான சாயலைக் கொடுப்பது நல்லதுதானே.

அப்புறம் தோல். ‘ஃப்ளாலெஸ்’, ‘பெர்ஃபெக்ட்’, ‘பியூட்டிஃபுல்’ மூன்றும் சேர்ந்தால் இருபத்தைந்து வயது ஃபேஷன் மாடல் முகம் ஒன்றுதான் வரும், நீங்கள் கேட்டது தாத்தாவாக இருந்தாலும். கண்ணோரச் சுருக்கம், சீராக இல்லாத புருவம், நெற்றியில் பறக்கும் இரண்டு முடி என்று ஒன்றிரண்டு குறையைச் சொன்னால் முகத்துக்கு உயிர் வரும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ‘தோல் துளைகள், மிகத் துல்லியமான துளைகள்’ என்று அழுத்தினால் முகம் ஆரஞ்சுத் தோலாகிவிடும். ஒருமுறை சொன்னால் போதும்.

‘மூக்குக்கண்ணாடி வேண்டாம்’ என்று ப்ராம்ப்டுக்குள் எழுதினால் பல மாடல்கள் ‘மூக்குக்கண்ணாடி’யைத்தான் பிடித்துக்கொள்ளும், ‘வேண்டாம்’ காற்றோடு போய்விடும். நெகட்டிவ் ப்ராம்ப்டுக்கு, அதாவது வேண்டாதவற்றை எழுதுவதற்கு, தனிப் பெட்டி இருந்தால் அங்கே போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

படம் சரியில்லை என்றால் ப்ராம்ப்டை முழுக்க மாற்றி எழுதும் ஆசை வரும். சீட் எண்ணை (படம் எந்தத் தொடக்கத்திலிருந்து உருவாகிறது என்பதைத் தீர்மானிக்கும் எண்) பூட்டிவிட்டு ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. பிறகு படத்தைப் பெரிதாக்கி முதலில் கண்ணைப் பாருங்கள். விளக்கின் பிரதிபலிப்பான கேட்ச்லைட் இரண்டு கருவிழியிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இடப்பக்க விளக்கு என்றால், படத்தில் பார்க்கும்போது கடிகாரத்தில் 10 மணி இருக்கும் இடத்துக்கு அருகே. ஒரு கண்ணில் சதுரமாக 10 மணியிலும், இன்னொன்றில் வட்டமாக 2 மணியிலும் இருந்தால், மற்றதெல்லாம் அருமையாக வந்திருந்தாலும் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும். முழுப்படத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கண்ணை மட்டும் மாஸ்க் செய்து (தேர்ந்தெடுத்து), அந்த இடத்தை மட்டும் வரையும் இன்பெயின்ட்டில் மறுபடி வரையச் சொன்னால் போதும்.