ஃபிட்ஸா, மயக்கமா: பக்கத்தில் இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்

வலிப்பு வந்து தெளிந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் நரம்பியல் டாக்டர் முதலில் கேட்பது, "அப்போ கூட யார் இருந்தது?" என்றுதான். ஸ்கேன், இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எல்லாம் அதற்கு அப்புறம். என் சித்தி மகள் மூன்று வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டாள், கடைசியில் பார்த்தால் அவளுக்கு இருந்தது வலிப்பே இல்லை, மயக்கம். பள்ளிக்கூடப் பிரேயரில் விழுந்தபோது கை கால் வெட்டியது என்று யாரோ சொன்ன ஒரே வரியை வைத்து ஆரம்பித்த மாத்திரை அது. விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தாள், எழுந்ததும் எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சரி, முதலில் ஆளைக் கவனியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டு ஏதாவது கொடுத்து, மணியைப் பாருங்கள். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் எந்தப் பலனும் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், சாவி கொடுத்த நேரமும் அதுவும் ஒத்துப்போவதால் சாவிதான் நிறுத்தியது என்று நம்பிவிடுகிறோம். பல் கிட்டிக்கொண்டது என்று வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், முழுதாகத் தெளியும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்தது வந்தாலோ, விழுந்தவர் கர்ப்பிணி என்றாலோ, இதுதான் முதல் தடவை என்றாலோ உடனே 108. இன்னொரு ஆள் இருந்தால் அவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அது மனசுக்கு ஒப்பாது, தெரியும், ஆனால் முகமும் கண்ணும் கை காலும் தெரிகிற ஒரு நிமிட வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி.

அதிகமாகக் குழம்புவது மயக்கத்தில்தான். கை கால் இழுத்தால் வலிப்பு, இழுக்காவிட்டால் மயக்கம் என்று நாம் நினைக்கிறோம், அது தப்பு. 1994-ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், நல்ல ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே மயங்கச் செய்து வீடியோவில் பார்த்தார்கள். முழுதாக மயங்கிய 42 பேரில் 90 சதவீதம் பேருக்குக் கை கால் வெட்டியது. ஆக, வெட்டுவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, அது எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம். பத்துக்கும் குறைவான, தாளமில்லாத வெட்டுகள், சில நொடிகளில் ஓய்ந்தால் அது மயக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருபதைத் தாண்டி, முதலில் உடம்பு விறைத்து, அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் உதறிக்கொண்டே போனால் வலிப்பு.

அதைவிட முக்கியம் முன்னும் பின்னும். மயங்குகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டோ உட்கார்ந்தோ இருப்பார்: கல்யாணக் கூட்டம், கோயில் வரிசை, ஊசி போடும்போது, வெறும் வயிறு. கண் இருட்டுது, காது அடைக்குது என்பார், வியர்த்து முகம் வெளுத்து, துவண்டு சரிவார். படுக்க வைத்த அரை நிமிடத்தில் கண் விழித்து, இது எந்த இடம், பக்கத்தில் இருப்பது யார் என்று தெரிந்து தெளிவாகவே பேசுவார். (மயங்கியவரை நாற்காலியில் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள், மூளைக்கு ரத்தம் ஏறாமல் நிலைமை மோசமாகும், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும்.) வலிப்பு படுக்கையிலும் வரும், தூக்கத்திலும் வரும். ஒரு அலறலோடு ஆரம்பிக்கலாம், கண் திறந்தே இருக்கும், முகம் கருநீலமாகும். நின்ற பிறகும் கால் மணி, அரை மணி நேரம் குழப்பம், குறட்டை மாதிரி மூச்சு, மறுநாள்வரை உடம்பு வலி. நாக்கின் ஓரத்தில் ஆழமான கடி இருந்தால் அது வலிப்புக்குப் பலமான சாட்சி. சிறுநீர் போனது எதையும் நிரூபிக்காது, இரண்டிலும் போகும்.

ஆனால் மயக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. ஓடும்போது, நீந்தும்போது, அலாரம் அடித்துத் திடுக்கிட்டபோது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தாலோ, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அது இதயத்தின் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். முதல் தடவை நினைவு தப்பி விழுந்த யாருக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும், எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் உடனே சர்க்கரை அளவு பாருங்கள்.

இழுக்காத வலிப்பும் உண்டு, இதைத்தான் வருடக்கணக்கில் தவறவிடுகிறோம். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பத்துப் பதினைந்து நொடி வெறித்துப் பார்த்து, இமை படபடத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடரும். டீச்சர் கவனமில்லை என்று எழுதி அனுப்புவார். பகல் கனவு என்றால் தோளைத் தொட்டதும் கலையும், இது கலையாது. பெரியவர்களுக்கு உதட்டைச் சப்புவது, சட்டையை நோண்டுவது, கூப்பிட்டால் பதில் இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் விழிப்பது என்று வரும். பதின்வயதுப் பிள்ளை, தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் கை திடீரென்று வெட்டி பிரஷ்ஷையோ காபி டம்ளரையோ விட்டுவிட்டால் திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். தலைக்குச் சூடாகத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வருகிற வெந்நீர் வலிப்பும் இருக்கிறது. கர்நாடகத்தில், பெங்களூரு மைசூரு பக்கம், நிறையப் பேருக்குப் பதிவாகியிருக்கிறது.

வலிப்பு மாதிரியே தெரிந்தாலும் வலிப்பு அல்லாத இன்னொரு வகை: கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, கூடிக் குறைந்து பத்து நிமிடத்துக்கு மேல் நீள்வது, நடுவில் அழுவது. மனதின் பாரம் உடம்பில் இப்படி வெளிப்படும். இது வலிப்பு மாத்திரைக்குக் கேட்காது. ஆனால் தயவுசெய்து நடிக்கிறாள் என்றோ பேய் பிடித்தது என்றோ சொல்லாதீர்கள், அந்தப் பெண் வேண்டுமென்று செய்யவில்லை, மனநல சிகிச்சையில் பலருக்குக் குணமாகிறது. அதற்காக நீங்களே முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது, இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

குழந்தைகள் விஷயம் தனி. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை காய்ச்சலோடு வருகிற வலிப்பு, நாம் ஜன்னி என்று சொல்வது, பெரும்பாலும் கெடுதல் செய்யாது, ஆனால் முதல் தடவை கட்டாயம் காட்ட வேண்டும். வீறிட்டு அழுது மூச்சை அடக்கி நீலம் பாரித்துத் துவண்டால் அது வலிப்பு இல்லை, ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கத்தில் மட்டும் கை வெட்டி, எழுப்பியதும் நின்றால் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும், தலையும் உடம்பும் சட்டென்று முன்னால் மடங்கி கை விரிந்து, சில நொடி விட்டு மறுபடி மறுபடி தொடர்ச்சியாக வருவது. 1841-ல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் தன் சொந்த மகனுக்கு வந்ததை லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதினார், சலாம் போடுவது மாதிரி இருப்பதால் சலாம் வலிப்பு என்றே பெயர் வந்தது. வயிற்று வலி, திடுக்கிடுகிறது என்று பாட்டி வைத்தியத்தில் வாரங்களைக் கடத்தினால் குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகும். வீடியோ எடுத்த அன்றைக்கே குழந்தை நரம்பியல் டாக்டரிடம் போங்கள், இ.இ.ஜி. கேளுங்கள். மற்ற வலிப்புகளில் இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை, அந்த இருபது முப்பது நிமிடத்தில் எதுவும் பதிவாகவில்லை என்று மட்டும்தான். அப்போதும் டாக்டர் மறுபடி உங்களிடம்தான் கேட்பார், அதனால் தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின இரவு தூக்கம், எழுந்ததும் பேசிய முதல் வார்த்தை, இதெல்லாம் ஒரு நோட்டில் அன்றைக்கே எழுதி வையுங்கள்.