குண்டு ஃபேன்டஸி நாவலை வீட்டில் உட்கார்ந்து ரசித்துப் படிக்க

எழுநூறு எண்ணூறு பக்கம் போகிற ஃபேன்டஸி நாவலைப் பஸ்ஸில் பத்து நிமிஷம், டீக்கடையில் பத்து நிமிஷம் என்று படித்தால் மனசில் ஒட்டவே ஒட்டாது. முதல் நூறு பக்கத்துக்குள் வாயில் நுழையாத பெயரோடு இருபது பேர் வந்துவிடுவார்கள், அந்த உலகத்துக்கென்று தனி தெய்வம், தனி மந்திரம், தனிக் கட்டுப்பாடு. அதைத் தாண்டும்வரை யாரும் கூப்பிடாத இடத்தில் ஒரே மூச்சாக உட்கார வேண்டும். ஆகவே முதலில் இடத்தைப் பிடியுங்கள்.

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு என்றால் எல்லாரும் திண்ணையைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் போகிற ஒவ்வொருவரும் "என்ன படிக்கிறீங்க?" என்று நின்றுவிட்டுத்தான் போவார்கள். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்குத்தான் என் ஓட்டு. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால் ரேழி வழியாகக் காற்று ஓடும், மேலேயிருந்து வெளிச்சம் விழும், தூணில் சாய்ந்துகொள்ளலாம். மாடி வீடா? காலையில் மேற்கு ஜன்னல், சாயங்காலம் கிழக்கு ஜன்னல்; நேர் வெயில் தாளில் பட்டால் கண் கூசும். மடியில் ஒரு தலையணை போட்டு அதன்மேல் புத்தகத்தை வையுங்கள், மணிக்கட்டு பிழைக்கும்.

புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து விரிக்காதீர்கள். முன்னாலிருந்து கொஞ்சம் தாள், பின்னாலிருந்து கொஞ்சம் தாள் என்று மாற்றி மாற்றித் திறந்து, மடிப்போரம் விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுப்பக்கத்துக்கு வாருங்கள். முதுகு உடையாது.

அப்புறம் கதை நடக்கிற உலகத்தைக் காட்டிப் புத்தகத்தின் முன்னால் போட்டிருக்கிற வரைபடம். பலர் இதைப் புரட்டிவிட்டு நேரே கதைக்குப் போய்விடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆறுகளை மட்டும் விரலால் தொடருங்கள். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, மேட்டூரில் தண்ணீர் திறந்தால்தான் கடைமடையில் நாற்று என்று தெரிந்த நமக்கு, ஆற்றின் தலைப்பில் உட்கார்ந்திருக்கிற அரசன் யார், கடைசியில் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊர் எது என்று பார்த்தாலே பாதிச் சண்டைக்குக் காரணம் பிடிபட்டுவிடும். ஆற்றைப் பற்றி யோசிக்காமல் வரைந்த படம் என்றால் அதுவும் இங்கே தெரிந்துவிடும். பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்குப் பிள்ளை என்று ஒரு கோடு போட்டால் போதும்.

நேரம் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான், வெளியே போகவும் முடியாது, யாரும் வரவும் மாட்டார்கள். கரண்ட் போகும், சார்ஜ் போட்ட விளக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பொழுது சாய்வதற்கு முன்பே கொல்லைக் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு படிக்க விடாது. அந்த ஈரத்தில் தாள் நமுத்துப் பூசணம் பிடிக்கும், படித்ததும் சுவரை ஒட்டாமல் காற்றுப் படுகிற அலமாரியில் வையுங்கள். போனை மட்டும் கூடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தொடங்குமுன் இன்னொன்று: இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பாகமாக வரும். அடுத்த பாகம் வெளிவந்துவிட்டதா, ஊர் நூலகத்திலோ நண்பரிடமோ கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு முதல் பாகத்தைத் திறவுங்கள்.