பிங் வந்தால் எந்தப் பிங் என்று பிடிப்பது எப்படி

போன மாசம் ஒரு வீட்டில் வைஃபை வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வாழைச்சேனையில் ஆழ்கடல் போட் வைத்திருக்கிறவர். லேப்டாப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பிங் பண்ணிப் பார்த்தன் அண்ணன், வெளியில இருந்து ஒண்டும் திரும்பி வருகுதில்ல" என்றேன். மனுசன் சிரித்தார். "அது எங்கட போட்டிலயும் இருக்கு தம்பி. கீழ அனுப்பினா அடியில பட்டுத் திரும்பி வரணும், வராட்டி எங்கயோ பிழை." ஆங்கில அகராதியில் பிங் (ping) என்ற இந்தச் சொல்லுக்கு நீளமாக அர்த்தம் போட்டிருப்பார்கள், அதில் பாதிக்கு மேல் இவருடைய ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

முதலில் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளர் விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள், சின்னதாக, கூர்மையாக ஒன்று கேட்கும், அதுதான் பிங். கோயில் மணிக்கு இந்தச் சொல் சரிவராது, அது கணீர் என்று அடிக்கிற பெரிய சாமான். ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிக் குண்டு பறந்து எதிலாவது படுகிற சத்தத்துக்கு இதைச் சொன்னார்கள், இப்போது லிஃப்டும் மைக்ரோவேவும் பிங் என்கின்றன. மேசைப் பந்துக்குப் பிங்பொங் என்று பெயர் வந்ததும் பந்தின் சத்தத்தால்தான். அப்புறம் ஒரு விஷயம், நிறத்தைச் சொல்லும் பிங்க் வேறு. கடைசியில் இருக்கிற அந்த 'க்'கை விழுங்கிவிட்டால் சாறிக் கடையில் ஒரு குழப்பம் நிச்சயம்.

அடுத்தது கடல். மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்கிற பாடுமீனைக் கேட்க நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகிறவர்கள், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைப்பார்கள் என்று நம்முடைய ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது சும்மா கேட்டுக்கொண்டிருப்பது. பிங் அப்படி இல்லை, நாமே ஒரு சத்தத்தை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிற வேலை. நீர்மூழ்கிகளைத் தேடிய சோனார் கருவியும் இதைத்தான் செய்தது, போட்டில் மீன் பார்க்கிற கருவியும் இதைத்தான் செய்கிறது, ஆனால் இது அனுப்புவது பெரும்பாலும் காதுக்கு எட்டாத ஒலி. கடல்நீரில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். அனுப்பியது 0.1 செக்கனில் திரும்பினால் மொத்த ஓட்டம் 150 மீட்டர், போகப் பாதி, வரப் பாதி, ஆக ஆழம் 75 மீட்டர்.

இன்டர்நெட் பிங் இதனுடைய பிள்ளைதான். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் அந்தச் சின்ன புரோகிராமை எழுதி, சோனார் சத்தத்தை நினைத்தே பெயரும் வைத்தார். ஏதோ நீளமான பெயரின் சுருக்கம் என்று யாராவது விரித்துச் சொன்னால் நம்பவேண்டாம், அது பிறகு இன்னொருவர் ஒட்டவைத்த விரிவு.

செய்து பார்ப்பது சுலபம். விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்தால் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் பிங் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, வைஃபை தருகிற பெட்டியான ரவுட்டரின் எண்ணைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1, இல்லாவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள். நாலு தரம் அனுப்பும், நாலுக்கும் பதில் வரவேண்டும். வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் வைஃபை. வந்தால் அடுத்து கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணை அதேமாதிரிக் கேளுங்கள், ரவுட்டர் பேசி இது பேசாவிட்டால் பிரச்சினை வெளி லைனில். அன்றைக்கு அந்த வீட்டில் இதுதான் நடந்திருந்தது, வெளியே போய்ப் பார்த்தால் மாங்காய் பறிக்கச் சாத்திய ஏணி வயரை அறுத்துவிட்டிருந்தது. ஒன்று மட்டும் கவனம், சில சைட்டுகள் வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் சொல்லாது, அதை வைத்து அந்த சைட்டே விழுந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

கேம் விளையாடுகிற பிள்ளைகள் "பிங் ஏறிட்டு" என்று கத்துவது, போய் வருகிற அந்த நேரத்தைத்தான். மில்லிசெக்கனில் காட்டும், குறைந்தால் நல்லது. பலரும் இதை ஸ்பீட் என்று நினைத்துப் பெரிய பெக்கேஜுக்கு மாறிக் காசைக் கொட்டுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இன்டர்நெட்டைக் கொண்டுபோகிற ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கேம் சேர்வர் அங்கே இருந்தால், போய்வர 5,000 கிலோமீட்டருக்கு மேல், எந்தப் பெக்கேஜ் போட்டாலும் பிங் 25 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காது.

மனுசருக்கும் பிங் பண்ணலாம். "வேலை முடிஞ்சதும் ஒரு பிங் பண்ணு" என்றால் சின்னதாக ஒரு மெசேஜ் போடு என்று அர்த்தம். கூட வேலை செய்கிறவரிடம் இப்படிச் சொல்லலாம், அதிபரிடமோ பிரதேச செயலாளரிடமோ சொல்லவேண்டாம். இன்னொன்று, வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டு எதிராளி பதில் போடும்வரை விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது சோனாருக்குச் சரி, மனுசருக்கு எரிச்சல்.

இன்ஜினும் பிங் பண்ணும். மகியங்கனைக்கு அங்கால பதினெட்டு வளைவில் ஆள் நிரம்பிய பெட்ரோல் வேன் மூச்சுவாங்கி ஏறும்போது உள்ளே டிக்டிக் என்று உலோகத்தில் தட்டுகிற மாதிரிக் கேட்டால் அதுவும் பிங்தான், நம்முடைய கராஜில் நொக்கிங் என்பார்கள். 95 ஒக்டேன் கேட்கிற இன்ஜினுக்கு 92 ஊற்றினால் இது வரலாம்.

2021இல் இங்கிலாந்தில் "பிங் ஆகிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், கொரோனாக்காரருக்குப் பக்கத்தில் இருந்ததாக போனில் இருந்த சுகாதார ஆப் எச்சரித்துவிட்டது என்று பொருள். அவுஸ்திரேலியாவில் கதை வேறு. மெல்பனில் இருக்கிற மச்சான் ஒரு நாள் "காலையிலேயே பிங் ஆகிட்டன்டா" என்று போட்டிருந்தான். ஆர் மெசேஜ் போட்டது என்று கேட்டேன். ஸ்பீட் கெமராவாம், தண்டக் கடிதம் வீட்டுக்கு வருமாம்.