தண்ணீரில் நுண்ணளவு கதிரியக்கம்: சின்டிலேஷன் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரில் கதிரியக்கம் மிகக் குறைவாக இருந்தால், சின்டிலேஷன் டிடெக்டர் (கதிர் பட்டதும் மினுங்கும் பொருளின் ஒளியை எண்ணும் கருவி) காட்டும் எண்ணில் பெரும்பங்கு தண்ணீரிலிருந்து வந்ததே அல்ல. காஸ்மிக் கதிர், சுவரிலுள்ள பொட்டாசியம்-40, காற்றிலுள்ள கதிரியக்க வாயுவான ரேடான் எல்லாம் சேர்ந்த பின்னணி அது. ஆகவே மாதிரியை மணிக்கணக்கில் எண்ணிவிட்டு, வெற்று மாதிரியை (கதிரியக்கம் இல்லாத நீரை) பத்தே நிமிடத்தில் முடிப்பதுதான் முதல் தவறு. இரண்டுக்கும் சம நேரம் கொடுங்கள்; குப்பி, காக்டெயில் (நீரோடு கலக்கும் சின்டிலேட்டர் திரவம்), நீரின் அளவு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடியிலேயே பொட்டாசியம் உண்டு. ஒன்றைக் கண்ணாடியிலும் மற்றதைப் பிளாஸ்டிக்கிலும் வைத்தால் கழித்து வரும் விடைக்குப் பொருளே இல்லை.

நேரத்தில் கஞ்சத்தனம் அடுத்தது. 8 மி.லி. நீர், 25% எண்ணும் திறன் (நூறு சிதைவில் 25 எண்ணப்படும்), நிமிடத்துக்கு 2 பின்னணி எண்ணிக்கை என்று வைப்போம். 100 நிமிடம் எண்ணினால், கரி (Currie) என்பவரின் வாய்ப்பாட்டின்படி, கண்டறியும் எல்லை (நம்பிக் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு) லிட்டருக்குச் சுமார் 5.7 பெக்கெரல் (ஒரு பெக்கெரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு). 400 நிமிடம் எண்ணினால்தான் அது 2.8 ஆகும். நேரத்தை நான்கு மடங்காக்கினால் எல்லை பாதியாகும், அவ்வளவுதான். எல்லைக்குக் கீழே வந்த முடிவைப் பூஜ்யம் என்று எழுதவே கூடாது, '5.7-க்குக் குறைவு' என்று எழுதுவதே நேர்மை.

டிரிட்டியத்தை (கதிரியக்க ஹைட்ரஜனை) சோடியம் அயோடைடு என்ற சின்டிலேஷன் படிகத்தால் தேடுவது வீண் வேலை. அது விடும் பீட்டா துகளின் உச்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம்கூட அது போகாது. நீரைத் திரவ சின்டிலேட்டரோடு கலந்தே ஆக வேண்டும். கலந்த கையோடு எண்ணத் தொடங்கினாலும் சிக்கல்தான்: வெளிச்சம் பட்ட குப்பியும் வேதிவினையும் தாமாகவே ஒளி விடும். சில மணி நேரம் இருட்டில் வைத்த பிறகு எண்ணுங்கள். மஞ்சள் படிந்த நீர் சின்டிலேட்டர் விடும் ஒளியை விழுங்கி, அளவைக் குறைத்துக் காட்டும். முன்பே காய்ச்சி வடித்துவிட்டால் நிறமும் போகும், உப்பும் போகும்.

அப்புறம் ரேடான். பாட்டிலில் ஒரு குமிழி இருந்தாலும் ரேடான் அதற்குள் போய்விடும். அரை ஆயுள் 3.8 நாள்தான், எனவே மாதிரி எடுத்த நேரத்தைக் குறித்து, அதற்கேற்பத் திருத்துங்கள். குப்பியை மூடியபின் சுமார் மூன்று மணி நேரம் பொறுத்தால் ரேடான் சிதைந்து உருவாகும் வழித்தோன்றல்கள் அதனோடு சமநிலைக்கு வரும்.

யுரேனியம், ரேடியம் தேடுகிறீர்கள் என்றால் எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டிரிட்டியம் மாதிரிக்கு அந்த அமிலம் வேண்டாம்; அதைத் தனி பாட்டிலில் எடுங்கள்.